பார்வைக்கு அப்பால் ஒரு போர்: இந்தோசீனாவும் பிரெஞ்சு மக்களும், 1946–1954

1953ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், பிரான்சு நாட்டின் நாடாளுமன்றத்தார் புதிய குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வெர்சாய் அரண்மனையில் கூடினர். முதல் சுற்றில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. இரண்டாம் சுற்றிலும் இல்லை. ஒரு வாரம் இழுபறியாய்க் கழிந்தது. பதின்மூன்றாம் சுற்றில், அதுவரை அதிகம் பேசப்படாத ரெனே கோத்தி வெற்றி பெற்றார். நாடே அந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே நாள்களில், வியட்நாமின் வடமேற்கில் லாவோஸ் எல்லையை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கில், பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்த படையினர் பதுங்குகுழிகள் வெட்டிக்கொண்டிருந்தனர். நவம்பர் 20ஆம் நாள் தொடங்கி வான்குடைகளில் அங்கே இறக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த இடத்தின் பெயர் டியன் பியன் பூ. அந்த டிசம்பரில் அதை உலகப்படத்தில் சுட்டிக்காட்டக்கூடிய பிரெஞ்சுக் குடிமக்கள் மிகச் சிலரே இருந்திருப்பர்.

மொழியைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட ஒருவன் போரைப் பற்றிப் பேசுவது ஏன் என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கலாம். ஒரு நாடு தன் பெயரால், தன் பணத்தால், தன் கொடியின்கீழ் ஏழரை ஆண்டுகள் ஒரு போரை நடத்துகிறது. அந்தப் போரில் தோற்றுக்கொண்டும் இருக்கிறது. ஆயினும் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தாமல் வாழ்கின்றனர். இது எப்படி இயலும் என்ற கேள்விக்கு வரலாற்றாசிரியர்கள் அரசியல், பொருளியல், படைத்துறைக் காரணங்களைச் சொல்லியுள்ளனர். அவற்றோடு மொழியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மக்களின் பாராமுகம் பெரும்பாலும் மனக்கல்லாகவே விளக்கப்படுகிறது. தொலைவில் நடப்பதை மனிதர் பொருட்படுத்துவதில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தோசீனப் போரை அணுகிப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. அங்கே பாராமுகம் தானாக முளைத்ததன்று. சட்டத்தாலும் வரவுசெலவுக் கணக்காலும் சொல்லாலும் கட்டி எழுப்பப்பட்டது அது.

போரின் தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945இல் சப்பான் சரணடைந்ததும், செப்டம்பர் 2ஆம் நாள் ஹனோயில் ஹோ சி மின் வியட்நாமின் விடுதலையை அறிவித்தார். தம் பழைய குடியேற்ற நாட்டை மீட்கப் பிரெஞ்சுப் படைகள் திரும்பி வந்தன. ஓராண்டுக்கு மேல் பேச்சுவார்த்தையும் சிறு மோதல்களும் மாறிமாறி நடந்தன. 1946 நவம்பர் 23இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஹைபோங் துறைமுக நகரின்மீது குண்டு பொழிந்தன. டிசம்பர் 19ஆம் நாள் இரவு ஹனோயில் முழுப்போர் மூண்டது. பிரான்சு முறைப்படி போர் அறிவிப்பு எதையும் செய்யவில்லை. தன் ஆட்சிப்பகுதி என்று தான் கருதும் நிலத்தின்மீது ஓர் அரசு எப்படிப் போர் அறிவிக்கும்?

அந்த நேரத்துப் பிரான்சின் நிலையை மறந்துவிட்டு அதன் மக்களைக் குறை கூறுவது நேர்மையன்று. நான்காண்டு செருமானிய ஆக்கிரமிப்பிலிருந்து அவர்கள் அப்போதுதான் மீண்டிருந்தனர். பாலங்களும் துறைமுகங்களும் இடிந்து கிடந்தன. ரொட்டியே உணவின் அச்சாணியாக உள்ள அந்நாட்டில், 1947இல் ஒருவருக்கு ஒரு நாள் ரொட்டிப் பங்கீடு 200 கிராம் அளவுக்கு இறங்கியது. ஆக்கிரமிப்புக் காலத்தில் கிடைத்ததைவிட அது குறைவு. ரொட்டிக்கான பங்கீட்டு அட்டை ஒழிய 1949 ஆயிற்று. 1947 இறுதியில் பெரும் வேலைநிறுத்தங்கள் நாட்டை உலுக்கின. விடியற்காலையில் ரொட்டிக்கடை வாசலில் வரிசையில் நிற்கும் பெண்ணிடம் போய், தொங்கிங் ஆற்றுப்படுகையில் என்ன நடக்கிறது தெரியுமா என்று கேட்க யாருக்கும் வாய் வராது. ஆயினும் பசி தீர்ந்த பிறகும் அந்தப் பாராமுகம் தீரவில்லை. 1953இல் கடைகள் நிறைந்திருந்தன. போர் அப்போதும் தொலைவிலேயே இருந்தது. ஆகவே பசி மட்டும் போதுமான விடையாகாது.

யார் அனுப்பப்பட்டனர் என்பதே முதற்பெரும் காரணம் என்று கருதுகிறேன். சிங்கப்பூர் மாணவர்களுக்குத் தேசிய சேவை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை; பதினெட்டு வயதில் ஒரு வீட்டின் மகன் சீருடை அணிந்தால் அந்த வீடு முழுவதும் செய்தி கேட்கத் தொடங்கிவிடும். பிரான்சிலும் கட்டாயப் படைச்சேவை இருந்தது. ஆனால் கட்டாயச் சேவையாளர்கள் இந்தோசீனாவுக்கு அனுப்பப்படவில்லை. 1950இல் நாடாளுமன்றம் அதைச் சட்டத்தாலும் தடுத்தது. போனவர்கள் தொழில்முறைப் படைவீரர்கள். அயல்நாட்டார் படைப்பிரிவில் சேர்ந்த பல நாட்டினர், அவர்களுள் செருமானியர் கணிசம். மொராக்கோ, அல்ஜீரியா, தூனிசியா, செனகல் முதலிய நாடுகளிலிருந்து திரட்டப்பட்டவர்கள். எல்லாருக்கும் மேலாக, வியட்நாமியரே. அந்தப் படையில் பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஏழரை ஆண்டுகளில் அவர்களில் இறந்தவர் ஏறத்தாழ 20,000 பேர். அயல்நாட்டார் படையினரையும் ஆப்பிரிக்கரையும் பிரெஞ்சுத் தரப்பில் போரிட்ட இந்தோசீனரையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை அதைப்போல் பன்மடங்கு. எதிர்த்தரப்பிலும் பொதுமக்களிடையேயும் மாண்ட வியட்நாமியர் இலட்சக்கணக்கினர். முதல் உலகப் போரில் பிரான்சு ஏறத்தாழ 14 இலட்சம் வீரர்களை இழந்தது. அதனால் அங்கே சிற்றூர்தோறும் சதுக்கத்தில் ஒரு கல் நிற்கிறது. அந்தக் கல்லில் அவ்வூர்க் குடும்பப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தோசீனப் போர் அப்படி ஊரூராகப் பரவவில்லை. மொராக்கோ மலைக்கிராமம் ஒன்றில் ஒரு தாய் அழுதால் அந்த ஓசை பாரிசுக்கு எட்டுவதில்லை.

நம் மொழி பேசும் மக்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பாண்டிச்சேரி, காரைக்கால் முதலிய பிரெஞ்சிந்தியப் பகுதிகளிலிருந்து தமிழர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சைகோனுக்குச் சென்றனர். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சாதி, சமயவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமை உரிமை பெற்றவர்கள் அங்கே அரசு அலுவலர்களாகவும் காவல்துறையினராகவும் வேலை பார்த்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் தனியே வட்டித்தொழில் நடத்தினர்; இன்று ஹோ சி மின் நகரில் நிற்கும் மாரியம்மன் கோயிலும் தண்டாயுதபாணி கோயிலும் அந்த வாழ்வின் அடையாளங்கள். பாண்டிச்சேரித் தமிழர் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவில் போரிட்டனர். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய அவர்களை அவ்வூர் 'சொல்தா' என்று அழைத்தது. வீரன் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஈற்றெழுத்து எழுதப்படும், ஒலிக்கப்படாது. தமிழ்ச் சொல்லிலும் அந்த எழுத்து இல்லை. ஆகவே இச்சொல் ஏட்டைப் பார்த்து வந்ததன்று. அணிவகுப்புத் திடலில் காது வழியே வந்தது. சிலர் வியட்நாமிய மனைவியரோடு திரும்பினர். அவர்தம் வழியினர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். பாரிசு நாளேடுகள் 'நம் வீரர்கள்' என்று எழுதியபோது, அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் பாண்டிச்சேரிச் சொல்தாவைப் படிப்பவர் எவரும் எண்ணியிருப்பாரா என்பது ஐயமே.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். பிரெஞ்சு அரசின் மொழியில் வியட்நாமில் இருந்தது 'கடல்கடந்து அனுப்பப்பட்ட படை'. அது செய்தது 'அமைதிப்படுத்தல்'. இத்தகைய சொல்லின் இலக்கண அமைப்பை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 'படையினர் அந்தச் சிற்றூரைத் தாக்கினர்' என்ற வாக்கியத்தில் எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு. வினையைத் தொழிற்பெயராக்கினால் அவ்விரண்டையும் விட்டுவிடலாம். யார், யாரை, எதனால் என்ற வினாக்களுக்கு 'அமைதிப்படுத்தல் முன்னேறுகிறது' என்ற தொடர் விடை சொல்லக் கடமைப்பட்டதன்று. செயப்பாட்டுவினையும் இவ்வாறே உதவும். 'நிலைகள் கைவிடப்பட்டன' என்னும்போது கைவிட்டவரும் இல்லை, கைவிடப்பட்ட நிலையில் விடுபட்டுப்போன காயம்பட்டவரும் இல்லை. இந்த இலக்கணத்தைப் பொய் என்று சொல்ல இயலாது. அதனாலேயே அது பொய்யைவிட வலிமையுடையது. பொய்யை மறுக்கலாம், எழுவாய் இல்லாத வாக்கியத்தை எதைக்கொண்டு மறுப்பது?

வியட்நாமியரையே கொண்டு போரை நடத்தும் திட்டத்துக்கு அவர்களிடையே வழங்கிய சொல் இன்னும் வெளிப்படையானது. பிரெஞ்சில் மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'மஞ்சளாக்கம்' என்று பொருள்படும் ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டனர். படையின் தோல்நிறத்தை மாற்றுவதே கொள்கை. வெள்ளை உடல்கள் குறைந்தால் தாய்நாட்டில் கேள்விகளும் குறையும் என்ற கணக்கு அச்சொல்லிலேயே எழுதியிருக்கிறது. மொழியியலில் ஆண்டுகளைக் கழித்த எனக்கு, ஓர் அரசு எதை மறைக்க விரும்புகிறது என்பதை அதன் கலைச்சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை உண்டு. இது அதற்கு நல்ல சான்று.

பிரெஞ்சுக்காரர் மட்டும் இப்படிச் செய்தனர் என்று எண்ண வேண்டா. 1937இல் தொடங்கிய பெரும்போரைச் சப்பானிய அரசு 'சீன நிகழ்ச்சி' என்றது. 1947இலும் 1948இலும் இந்தோனேசியாவில் நடத்திய படையெடுப்புகளை டச்சு அரசு 'காவல் நடவடிக்கை' என்றது. நம் நாட்டு எடுத்துக்காட்டு எல்லாருக்கும் தெரியும். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து அறிவிக்கப்பட்டு, 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் போருக்கு இன்றுவரை 'அவசரகாலம்' என்பதே பெயர். போர் என்று சொன்னால் தோட்டங்களுக்கும் ஈய லம்பங்களுக்கும் லண்டனில் எடுத்திருந்த காப்புறுதி செல்லாமல் போகும் என்பது இதற்குப் பலரும் எடுத்துக்காட்டும் காரணம். காட்டிலிருந்த எதிரிகள் முதலில் 'கொள்ளையர்' எனப்பட்டனர். 1952இல் அதிகாரமுறையில் அது 'கம்யூனிஸ்டுப் பயங்கரவாதிகள்' என்று மாற்றப்பட்டது. புதுக்கிராமங்களில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் குடியமர்த்தப்பட்டனர். பன்னிரண்டு ஆண்டுக்கால நிலையை அவசரம் என்று சொல்வதிலுள்ள முரண்பாட்டை, தோட்டப்புறத்தில் முள்வேலிக்குள் வளர்ந்த தலைமுறையும் பழக்கத்தால் உணராமலேயே போயிற்று. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பிரிட்டன் தன் தேசிய சேவையாளர்களை மலாயாவுக்கு அனுப்பியது. அதனால் அந்நாட்டு ஊர்களில் மலாயாவிலிருந்து கடிதம் வரும் வீடுகள் இருந்தன. பிரான்சில் அத்தகைய வீடுகள் மிகக் குறைவு.

பணமும் இதே வழியில் கண்ணுக்கு மறைவாயிற்று. 1950 முதல், சிறப்பாகக் கொரியப் போர் தொடங்கிய பின், அமெரிக்கா இந்தச் செலவில் பங்கேற்கத் தொடங்கியது. 1954இல் போர்ச்செலவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அமெரிக்கப் பணம். வரி செலுத்துவோர் முழுச்சுமையை உணரவில்லை. வேறு சிலருக்கோ போர் வருவாயாகவே இருந்தது. இந்தோசீன நாணயமான பியாஸ்தருக்கு 1945 இறுதியில் 17 பிராங்கு என்று அரசு மதிப்பு வைத்தது. சந்தையில் அதன் மதிப்பு ஏறத்தாழ அதில் பாதி. சைகோனில் மலிவாக வாங்கிப் பாரிசுக்கு அரசு மதிப்பில் அனுப்பியவர்களுக்குப் பணம் இரட்டித்தது. அனுமதி பெறத் தெரிந்தவர்கள் அனுமதி பெற்றனர். 1953இல் ஒரு நூல் இதை அம்பலப்படுத்தியது. அவ்வாண்டு மே மாதம் அரசு மதிப்பை 10 பிராங்காகக் குறைத்தது. போரைப் பற்றிப் பேசாத நாளேடுகளும் இந்த ஊழலைப் பற்றிப் பேசின என்பது கசப்பான வேடிக்கை.

போர் கெட்டுக்கொண்டிருந்தது என்பது மறைவான செய்தியா? இல்லை. 1950 அக்டோபரில் சீன எல்லையை ஒட்டிய நான்காம் குடியேற்றச் சாலையில், காவ் பாங் கோட்டையிலிருந்து பின்வாங்கிய படையும் அதை எதிர்கொண்டு அழைக்கச் சென்ற படையும் சுண்ணாம்புப் பாறைகளிடையே சிக்கி அழிந்தன. 4,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது சிறைப்பட்டனர். அந்த மாதம் 19ஆம் நாள் பியர் மெந்தேஸ் பிரான்ஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து, இரண்டு வழிகளே உள்ளன என்றார். போரை வெல்ல வேண்டுமானால் படையையும் பணத்தையும் பன்மடங்கு பெருக்க வேண்டும், அதற்கான வரியையும் இழப்பையும் மக்களிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அது இயலாதெனில் எதிரியோடு பேச வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதாகப் பாவனை செய்வதை அவர் கண்டித்தார். அன்று கேட்ட நாடாளுமன்றம் அந்த நடுவழியையே மேலும் மூன்றரை ஆண்டுகள் தேர்ந்தெடுத்தது. 1946 டிசம்பரிலிருந்து 1954 ஜூன் வரை பிரான்சில் பதினைந்துக்கும் மேற்பட்ட அமைச்சரவைகள் வந்து போயின. அவை கவிழ்ந்தது பெரும்பாலும் வரவுசெலவுத் திட்டத்தாலும் பள்ளிக்கு உதவித்தொகை போன்ற உள்நாட்டுச் சிக்கல்களாலும். இந்தோசீனாவுக்காக அவை கவிழ்ந்தது மிக அரிது. கூட்டணிக்குள் வலியுண்டாக்காத ஒரு பொருளைத் தொடாமல் விடுவதே அரசியல் அறிவாயிற்று.

பார்த்தவர்களும் இருந்தனர், அவர்களை விட்டுவிட்டால் வரலாறு கோணிப்போகும். 1948 ஜனவரியில் லு மோந்து நாளேட்டின் ஆசிரியர் ஊபேர் பவ் மேரி இதை 'அழுக்குப் போர்' என்று எழுதினார். அச்சொல்லைப் பொதுவுடைமைக் கட்சி எடுத்துக்கொண்டது. மார்செய் முதலிய துறைமுகங்களில் தொழிலாளர் போர்க்கருவிகளை ஏற்ற மறுத்தனர். 1950 பிப்ரவரியில் ரைமோந்த் தியேன் என்ற இளம்பெண் படைத்தளவாடம் ஏற்றிய தொடர்வண்டியை மறித்துத் தண்டவாளத்தில் படுத்தார், சிறை சென்றார். இந்தோசீனாவில் தாம் கண்டதைத் துண்டறிக்கையாக அச்சிட்டுப் பரப்பிய ஆன்றி மார்த்தேன் என்னும் கடற்படையாளருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சார்த்தர் போன்ற எழுத்தாளர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தனர். 1953இல் அவர் விடுதலை பெற்றார். ஆனால் பனிப்போர்க் காலத்தில் இந்த எதிர்ப்பே மற்றவர்களின் பாராமுகத்துக்குக் காரணமும் ஆயிற்று. போரைப் பற்றிப் பேசினாலே நீ எந்தப் பக்கம் என்ற கேள்வி எழுந்தது. எந்தப் பக்கமும் சாராத நடுத்தர மக்கள் பேசாமல் இருப்பதே நலம் என்று ஒதுங்கினர். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த எதிர்ப்பு, காயமுற்று மார்செய் வந்திறங்கிய வீரர்களையும் பகைவராகவே நடத்தியது. துறைமுகத்தில் வசவு கேட்டவர்கள் அதை வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை.

ஒரே ஒரு காலம் நாடு சற்றுத் திரும்பிப் பார்த்தது. 1950 டிசம்பரில் தளபதி ஜான் தெ லாத்ர் பொறுப்பேற்றார். நாடறிந்த பெயர், நாடகத் தன்மையுடைய மனிதர். 1951 மே 30ஆம் நாள் அவருடைய ஒரே மகன் பெர்னார் நிஞ் பின் என்னுமிடத்தில் போரில் இறந்தார். தந்தை மகனின் உடலோடு பாரிசு திரும்பினார். அன்று பிரான்சு துக்கம் கொண்டாடியது. அதே போரில் அதே வாரத்தில் இறந்த மொராக்கோ வீரருக்கும் வியட்நாமிய வீரருக்கும் அந்தத் துக்கம் இல்லை என்பதைச் சொல்வது தெ லாத்ரின் துயரைக் குறைப்பதாகாது. அவரும் 1952 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அவருக்குப் பின் போர் மீண்டும் உள்பக்கங்களுக்குப் போயிற்று. இந்தோசீனாவிலும் கொரியாவிலும் போரிட்டவர்களுக்குப் 'போர்வீரர்' என்னும் சட்டத் தகுதியும் அதற்குரிய உரிமைகளும் 1952 ஜூலை 18ஆம் நாள் சட்டத்தால்தான் கிடைத்தன. அதற்குள் போருக்கு ஐந்தரை வயது நிரம்பிவிட்டது.

டியன் பியன் பூ முற்றுகை 1954 மார்ச் 13இல் தொடங்கிற்று. மலைமேல் பீரங்கிகளைக் கொண்டுவர எதிரியால் இயலாது என்பது பிரெஞ்சுத் தளபதிகளின் துணிபு. வோ நுயேன் யாப்பின் படையினர் அவற்றைக் கயிறு கட்டிக் கையால் இழுத்து ஏற்றியிருந்தனர். விமான ஓடுதளம் சில நாள்களிலேயே பயனற்றுப் போயிற்று. காயம்பட்டவர்களை வெளியேற்ற வழியில்லை. அந்த எட்டு வாரங்கள் பிரான்சு பார்த்தது. படங்கள் வந்தன, பெயர்கள் வந்தன, முற்றுகைக்குள் சிக்கிய செவிலியர் ஒருவரின் கதை வந்தது. மே 7ஆம் நாள் தலைமை அமைச்சர் ஜோசப் லானியேல் கறுப்புடை அணிந்து நாடாளுமன்றத்தில் கோட்டையின் வீழ்ச்சியை அறிவித்தார். வானொலி வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திற்று. பாரிசுக்கு வந்திருந்த சோவியத்து நடனக் குழுவின் நிகழ்ச்சி கைவிடப்பட்டது. மறுநாள் மே 8, செருமனியை வென்ற நாளின் ஒன்பதாம் ஆண்டு விழா.

அந்தத் துயரம் உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கருத்துக்கணிப்புகள் வேறொன்றைச் சொல்கின்றன. 1947இல் இந்தோசீனாவைப் போரிட்டுத் தக்கவைக்க வேண்டும் என்றோர் ஏறத்தாழ பாதிப்பேர். 1954 பிப்ரவரியில், முற்றுகைக்கு முன்பே, அவர்கள் 7 விழுக்காடு. பாராமுகம் என்பது ஆதரவும் அன்று, எதிர்ப்பும் அன்று. கேட்டால் வேண்டாம் என்பார்கள், கேட்காதவரை ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு அமைச்சரவைகள் போரை நடத்தின. அதே மௌனத்தைத் துரோகமாக எடுத்துக்கொண்டு படையினர் அதில் மாண்டனர்.

ஜூன் 18இல் மெந்தேஸ் பிரான்ஸ் தலைமை அமைச்சரானார். ஒரு மாதத்துக்குள், ஜூலை 20க்குள், போர்நிறுத்தம் காணாவிட்டால் விலகுவதாகச் சூளுரைத்தார். ஜெனீவாவில் ஒப்பந்தம் ஆயிற்று. டியன் பியன் பூவில் சிறைப்பட்டவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். காட்டுவழியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடத்தப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்ட அவர்களில், அந்த ஆண்டே விடுவிக்கப்பட்டுத் திரும்பியவர் ஏறத்தாழ 3,300 பேர். எலும்பும் தோலுமாய்த் திரும்பிய அவர்களைக் கோடை விடுமுறையில் இருந்த நாடு வரவேற்றது.

1954 நவம்பர் 1ஆம் நாள் இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் பாரிசை அடைந்தன. அதற்கு இரு வாரங்களுக்கு முன் கீழூரில் கூடிய பிரெஞ்சிந்தியப் பேராளர் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்ததை ஒட்டி, அன்று பாண்டிச்சேரியின் ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. ஒரு துப்பாக்கி வெடிக்காமல் அது நடந்தது. அதே நாள் அல்ஜீரியாவில் கிளர்ச்சி வெடித்தது. இந்தோசீனாவிலிருந்து திரும்பிய அதிகாரிகள் பலர் நேரே அல்ஜீரியாவுக்குச் சென்றனர். தம்மை அனுப்பிவிட்டு மறந்த நாடு இன்னொரு முறை மறக்கக் கூடாது என்ற வைராக்கியம் அவர்களிடம் இருந்தது. இம்முறை கட்டாயச் சேவையாளர்களும் அனுப்பப்பட்டனர். ஒவ்வோர் ஊரிலும் கடிதத்துக்குக் காத்திருக்கும் வீடுகள் தோன்றின. நாடு பார்க்கத் தொடங்கிற்று. 1958 மே மாதம் அல்ஜியர்சில் எழுந்த கலகத்தால் நான்காம் குடியரசே கவிழ்ந்தது. 1961 ஏப்ரலில் அரசுக்கு எதிராகக் கிளம்பிய தளபதிகள் நால்வருள் ஒருவர் ராவுல் சலான். தெ லாத்ருக்குப் பின் இந்தோசீனாவில் படைத்தலைமை வகித்தவர். பார்க்கப்படாத போர் ஒன்று, பத்தாண்டுக்குள் தலைநகரின் வாசலுக்கு வந்துவிட்டது.

அல்ஜீரியாவிலும் சொல்லின் கதை தொடர்ந்தது. எட்டாண்டுக் கொடும்போரை அரசு 'ஒழுங்கு காக்கும் நடவடிக்கைகள்' என்றது. மக்கள் 'நிகழ்வுகள்' என்றனர். 1999 அக்டோபர் 18ஆம் நாள் இயற்றிய சட்டத்தில்தான் 'அல்ஜீரியப் போர்' என்ற தொடர் இடம்பெற்றது. போர் முடிந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன.

நம் முன்னோர் போர்களைக் களத்தின் பெயரால் நினைவுகொண்டனர்: வெண்ணி, தலையாலங்கானம், கழுமலம். இறந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. அதன் முதற்படிக்குக் 'காட்சி' என்று பெயர். பொருத்தமான கல்லைத் தேடிக் காண்பது அது. இந்தோசீனப் போரில் இறந்தோர் பலருக்கு அந்தக் காட்சி நெடுநாள் தள்ளிப்போயிற்று. 1980 ஜூன் 8ஆம் நாள் பெயரறியா வீரர் ஒருவரின் எச்சம் வட பிரான்சிலுள்ள நோத்ர் தாம் தெ லொரேத் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் வியட்நாமிலிருந்து ஆயிரக்கணக்கானோரின் எச்சங்கள் கொண்டுவரப்பட்டன. தென் பிரான்சின் பிரேழுசு நகரில் நினைவகம் எழுந்தது, 1993இல் திறக்கப்பட்டது. அதன் சுவரில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

2005இல் பிரெஞ்சு அரசு இந்தோசீனாவில் இறந்தோருக்கு ஆண்டுதோறும் வணக்கம் செலுத்த ஒரு நாளைக் குறித்தது. டியன் பியன் பூ வீழ்ந்த மே 7ஐயும் அது எடுக்கவில்லை. போர்நிறுத்தம் ஆன ஜூலை நாளையும் எடுக்கவில்லை. பெயரறியா வீரரைப் புதைத்த ஜூன் 8ஆம் நாளை எடுத்துக்கொண்டது.